திறக்காத கடிதம்! திறக்காத கதவு!

நீதிமன்றம் "விடு" என்று சொல்லிற்று. சிறைச்சாலை விடவில்லை.

விடமாட்டோம் என்று அடம் பிடித்ததால் அல்ல. தீர்ப்பை எதிர்த்து மேலே போனதாலும் அல்ல. உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. அதனோடு வந்த இணைப்பைத் திறக்க முடியவில்லை. ஆகவே சிறைக் கதவையும் திறக்கவில்லை!

குஜராத் மாநிலத்தில் நடந்த நிகழ்ச்சி இது. ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரின் தண்டனையை நிறுத்தி வைத்து, அவரை ஜாமீனில் விடும்படி அம்மாநில உயர்நீதிமன்றம் 2020 செப்டம்பர் 29-ல் உத்தரவிட்டது. அவர் வெளியே வந்தாரா? இல்லை. 2021 பிறந்தது, உள்ளேயே இருந்தார். 2022 பிறந்தது, அப்போதும் உள்ளேயே இருந்தார். 2023-ல் அவர் மறுபடியும் நீதிமன்றத்தின் வாயிலைத் தட்டிய பிறகே, "முன்பே விடச் சொன்ன மனிதரல்லவா இவர்?" என்ற உண்மை வெளிப்பட்டது. சிறை நிர்வாகத்தைக் கேட்டார்கள். "கடிதம் வந்தது, இணைப்பு திறக்கவில்லை, அது கொரோனாக் காலம்" என்று பதில் வந்தது. நீதிபதிகள் வேதனைப்பட்டு, அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீட்டைப் பதினான்கு நாட்களுக்குள் தரும்படி அரசுக்கு ஆணையிட்டனர்.

ஒரு லட்சம்! கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ மூன்றாண்டுகள், ஆயிரம் நாட்களுக்கு மேல். நாளொன்றுக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. கொத்து வேலைக்குப் போகும் சித்தாள்கூட அந்தக் கூலிக்கு வரமாட்டார்; ஒரு மனிதனின் சுதந்திரத்துக்கு அதுதான் விலை!

இன்னொரு காட்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2021 அக்டோபரில், திரையுலகப் பெரும்புள்ளி ஒருவரின் மகனுக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் ஜாமீன் தந்தது. ஆர்தர் ரோடு சிறையின் வாயிலில் ஜாமீன் பெட்டி ஒன்று உண்டு. குறித்த நேரத்துக்குள் அதில் உத்தரவு விழுந்தாக வேண்டும். அன்று மாலை ஐந்தரை மணிக்குள் விழவில்லை. இளைஞர் இன்னும் ஓர் இரவு உள்ளே இருக்க நேர்ந்தது. நாடே பேசிற்று! பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின, தொலைக்காட்சிகள் சிறை வாயிலிலேயே கூடாரம் அடித்தன. ஓர் இரவு தாமதமானதும் கூடாததுதான்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சீமான் வீட்டுப் பிள்ளையின் ஓர் இரவு நாட்டுக்குத் தெரிந்தது, ஏழையின் ஆயிரம் இரவு ஏன் தெரியவில்லை? இதுதான் நம் கேள்வி.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அல்லது, இருந்திருக்க வேண்டும். அந்த மேசையைப் பற்றித்தான் இன்று பேச முற்படுகிறோம்.

அந்த மேசையில் அமர்ந்திருப்பவர் யார்?

இன்றைய சிறைச்சாலை பழைய சிறைச்சாலை அன்று. மதில் அதேதான், கம்பியும் களியும் அதே இனந்தான். ஆனால் கைதியின் கணக்கு பழுப்பேறிய பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்குள் குடியேறிவிட்டது. மத்திய சர்க்காரின் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'இ-பிரிசன்ஸ்' என்னும் மென்பொருள் நாடெங்கும் சிறைகளில் ஓடுகிறது. கைதி உள்ளே வந்ததும் படம், கைரேகை, வழக்கு எண், அடுத்த வாய்தா எல்லாம் அதில் ஏறுகின்றன. நம் பக்கத்தில் 'மனு பார்ப்பது' என்பார்களே, அந்தச் சந்திப்புக்கும் அதன் வழியே பதிவு செய்யலாம். தொலைவில் உள்ள தாய் திரையில் மகன் முகத்தைப் பார்க்கவும் வழி உண்டு. நீதிபதி முன் கைதியைக் காணொளியில் நிறுத்துகிறார்கள். ஜாமீன் கிடைத்தால் அந்தத் தேதியும் அதிலேதான் ஏற வேண்டும்.

இத்தனையும் ஓட வேண்டுமானால், ஓடாதபோது சரிசெய்ய ஆள் வேண்டுமல்லவா? அவர்தான் 'ஹெல்ப் டெஸ்க்' எனப்படும் உதவி மையத்து ஊழியர். சிறையில் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் எழுத்தர் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். "பாஸ்வேர்டு ஏற்கவில்லை" என்பார். "அச்சுப்பொறி காகிதத்தை விழுங்கிவிட்டது" என்பார். "கைரேகைக் கருவி செத்துவிட்டது", "காணொளியில் முகம் தெரிகிறது, குரல் வரவில்லை", "ஒரே ஆளின் பெயர் இரண்டு முறை ஏறியிருக்கிறது" என்றெல்லாம் சொல்லுவார். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாகக் கேட்டு, புகாருக்கு ஓர் எண் கொடுத்து, ஒன்றொன்றாகத் தீர்த்து வைக்க வேண்டும்.

"இது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதானே! இதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்போர் உண்டு.

எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். ஆனால் வேறுபாடு ஒன்று இருக்கிறது, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! வணிக நிறுவனத்தில் அச்சுப்பொறி பழுதானால் நாளை அச்சடித்துக் கொள்ளலாம், அது கடைசி வரிசைப் புகார். சிறையில் அதே அச்சுப்பொறியில்தான் விடுதலைச் சீட்டும் வர வேண்டும். மாலையில் கைதிகளை எண்ணி அடைத்துவிட்டால், பொதுவாக மறுநாள் காலைதான் கதவு. அச்சுப்பொறி நான்கு மணிக்கு நின்று ஏழு மணிக்கு ஓடினால், உதவி மையத்தின் ஏட்டில் 'மூன்று மணி நேரத்தில் தீர்க்கப்பட்டது' என்று பெருமையாக எழுதிக் கொள்ளலாம். கைதியின் ஏட்டில் அது ஓர் இரவு.

இன்னொன்றும் கவனியுங்கள். வங்கியில் இயந்திரம் பழுதென்றால் பணம் போட்டவர் சத்தம் போடுவார். இரயிலுக்குச் சீட்டு கிடைக்காதவர் கடிதம் எழுதுவார். சிறையின் கணிப்பொறி தவறினால் துன்பப்படுகிறவர் எவரோ அவரால் மட்டும் உதவி மையத்தைக் கூப்பிட முடியாது! திரையில் தம் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் தொலைபேசி இல்லை. கூப்பிடுகிறவர் எழுத்தர், கூப்பிடாவிட்டால் எழுத்தருக்கு ஒரு நட்டமும் இல்லை. வலி ஒருவருக்கு, புகார் சொல்லும் வாய் இன்னொருவருக்கு! உலகத்திலுள்ள உதவி மையங்களிலெல்லாம் இதுபோல் இன்னொன்று இருப்பது அரிது.

செல்வ நாட்டின் சீர்கேடு

"நம் நாட்டில் வசதி போதாது, அதனால் இப்படி, அமெரிக்காவைப் பாருங்கள்" என்று சிலர் பெருமூச்சு விடுவர். பார்ப்போமே!

வாஷிங்டன் மாநிலம். அங்குள்ள உச்சநீதிமன்றம் நன்னடத்தைக் கழிவைக் கணக்கிடுவது பற்றி 2002-ல் ஒரு தீர்ப்பு அளித்தது. அதற்கேற்பச் சிறைத்துறை கணிப்பொறியை மாற்றியது. மாற்றியதில் பிழை புகுந்தது. சிலர் விடுதலையாக வேண்டிய நாளுக்கு முன்பே வெளியே வந்தனர். 2012 டிசம்பரில், தாக்கப்பட்டவர் ஒருவரின் குடும்பத்தார், தாக்கியவனின் விடுதலை நாளைக் கையால் கணக்கிட்டுப் பார்த்து, "கணக்கு உதைக்கிறதே!" என்று சிறைத்துறைக்குச் சொன்னார்கள். துறையும் ஒப்புக்கொண்டது. திருத்த வேண்டும் என்று வரிசையில் ஒரு புகார் ஏறிற்று. பிறகு? பதினாறு முறை தள்ளிப் போடப்பட்டது! மூன்று ஆண்டுகள் ஓடின. 2015 டிசம்பரில் ஆளுநர் ஜே இன்ஸ்லீ மக்கள் முன் வந்து, பதின்மூன்று ஆண்டுகளில் 3,200 பேர் வரை முன்கூட்டியே விடப்பட்டனர் என்று அறிவிக்க நேர்ந்தது. வெளியில் இருந்திருக்கக் கூடாத அந்த நாட்களில் அப்படி விடப்பட்டோரால் உயிரிழப்பும் நேர்ந்தது.

கணிப்பொறி காணாததைக் காகிதமும் பென்சிலும் கண்டன. கண்ட பிறகும் புகார் வரிசையில் உறங்கிற்று. இயந்திரத்தின் பிழையா இது? வரிசையை வகுத்த மனிதரின் பிழை!

அரிசோனா மாநிலத்தில் பிழை மறுபக்கம் சாய்ந்தது. போதைப்பொருள் குற்றத்தில் அகப்பட்டோர் சீர்திருத்தப் பயிற்சியை முடித்தால், ஏழு நாள் சிறைக்கு மூன்று நாள் கழிவு பெறலாம் என்று 2019-ல் சட்டம் செய்தனர். அதே ஆண்டு 2 கோடியே 40 லட்சம் டாலர் செலவில் புதிய சிறைக் கணிப்பொறி அமைப்பும் வந்தது. ஆனால் அந்த அமைப்புக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை! தகுதியுள்ள நூற்றுக்கணக்கானோர் உள்ளேயே கிடக்கிறார்கள் என்று துறையின் உள்ளிருந்தோரே 2021 பிப்ரவரியில் வானொலிச் செய்தியாளரிடம் சொன்னார்கள். கையால் கணக்கிட்டு வருகிறோம் என்று துறை சமாதானம் கூறியது. சட்டமன்றம் கை தூக்கியது, ஆளுநர் கையெழுத்திட்டார். கணிப்பொறி மட்டும் சம்மதிக்கவில்லை. மக்கள் மன்றத்துக்கு மேலே ஒரு மென்பொருள்! என்னே விந்தை!

ஆக, செல்வம் இருந்தால் போதாது, இயந்திரம் இருந்தாலும் போதாது. புகார் வந்தால் அதன் பொருள் என்னவென்று அறிந்த மனிதர் வேண்டும். 'இது பழுது' என்று மட்டும் பார்க்காமல் 'இது ஒருவரின் விடுதலை' என்று பார்க்கும் கண் வேண்டும்.

புறா போய் மின்னஞ்சல் வந்தது

நம் நாட்டு நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. 2021 ஜூலை 8-ல் ஆக்ரா மத்தியச் சிறையில் இருந்த 13 பேருக்கு உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தந்தது. குற்றம் நடந்தபோது சிறுவர்களாக இருந்து, 14 முதல் 22 ஆண்டு வரை சிறையிலேயே கழித்தவர்கள் அவர்கள். சான்றிட்ட நகல் வரவில்லை என்று சொல்லி, உடனே விடாமல் நாட்களைக் கடத்தினர். அன்றைய தலைமை நீதிபதி ரமணா, இந்தக் காலத்திலும் புறா செய்தி கொண்டுவரும் என்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பதா என்று மனம் நொந்து பேசினார். அதன் விளைவாக, உத்தரவுகளை மின்வழியே பாதுகாப்பாக அனுப்பும் 'ஃபாஸ்டர்' என்னும் ஏற்பாடு 2022 மார்ச் 31-ல் தொடங்கியது.

பின்னர், ஜாமீன் கிடைத்தும் வெளிவராத ஏறத்தாழ 5,000 விசாரணைக் கைதிகளைப் பற்றிய விவரம் உச்சநீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. முயற்சி எடுத்த பிறகு அவர்களில் 1,417 பேர் விடப்பட்டிருந்தனர். 2023 ஜனவரி 31-ல் நீதிமன்றம் தெளிவான கட்டளைகளை இட்டது. ஜாமீன் உத்தரவின் மின்நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு அனுப்ப வேண்டும். ஜாமீன் தேதியை 'இ-பிரிசன்ஸ்' மென்பொருளில் ஏற்ற வேண்டும். ஏழு நாட்களுக்குள் கைதி வெளியேறாவிட்டால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மின்னஞ்சல் தானாகவே போகும்படி மென்பொருளிலும் வழி செய்ய வேண்டும்.

நல்ல கட்டளைகள்; வரவேற்கிறோம். ஆனால் ஓர் ஐயம். தேதியை ஏற்றினால்தானே இயந்திரம் ஏழு நாள் எண்ணும்? ஏற்றும் நேரத்தில் திரை உறைந்து நின்றால், எழுத்தர் 'நாளை பார்க்கலாம்' என்று எழுந்து போனால், உதவி மையத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தால், இயந்திரம் எதை எண்ணும்? ஏறாத தேதிக்கு ஏழாம் நாள் இல்லை!

2022 டிசம்பர் 31 கணக்குப்படி இந்நாட்டுச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல்! குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர்கள். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், உச்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் காவலிலேயே கழித்துவிட்டால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் இதில் சேரா. அந்த நாள் வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதும் கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. லட்சக்கணக்கானோரின் நாளை எண்ணப் போவது கணிப்பொறிதான். வழக்கின் பிரிவு ஒன்று தவறாக ஏறியிருந்தால், உரிய நாள் வந்தும் எவருக்கும் தெரியாமல் போகும்!

தில்லியின் திரையும் தமிழனின் தலையெழுத்தும்

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். மாநிலப் பட்டியலில் நான்காவது இனம் என்ன? சிறைச்சாலைகள்! சிறை மாநிலத்தின் பொறுப்பு. காவலர் சம்பளம் மாநிலத்துடையது, கஞ்சியும் மாநிலத்துடையது, கெட்ட பெயர் வந்தால் அதுவும் மாநிலத்துடையது. ஆனால் கணக்கு எழுதும் மென்பொருளை வகுத்தது தில்லி. திரையில் ஒரு கட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் தில்லியின் கடைக்கண் பார்வை வேண்டும். வீடு நம்முடையது, சாவிக்கொத்து மட்டும் வேறொருவர் இடுப்பில்!

வீம்புக்காக இதைச் சொல்லவில்லை. நம் மக்கள் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தை வைப்பவர்கள். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தின் முன் திகைத்து நிற்பவர்கள். முருகன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'யு' போட்டு எழுதுவார், மற்றொருவர் இரண்டு 'ஓ' போட்டு எழுதுவார். நீதிமன்றத்துத் தாளில் ஒரு முருகன், சிறைத் திரையில் இன்னொரு முருகன் என்றால், "ஆள் வேறு போலிருக்கிறதே" என்று எழுத்தர் தயங்குவார். தயக்கம் நியாயமானது; தவறான ஆளை விட்டுவிட்டால் அவர் வேலை போகும். இந்தச் சிக்கலை அவிழ்க்கும் உதவி மையத்து ஊழியருக்கு நம் பெயர்முறை தெரிய வேண்டும், நம் மொழி தெரிய வேண்டும். நள்ளிரவில் பதறிக் கூப்பிடும் எழுத்தர் தமிழில் பேசவும், தமிழில் பதில் பெறவும் வழி வேண்டும்.

இன்னொரு கட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபர் 3-ல் உச்சநீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி பார்த்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டில் உள்ள சாதிக் கலத்தை நீக்கவும் ஆணையிட்டது. சாதிவாரியாகப் பிரித்து வைத்த சிறைகளைப் பேசும்போது பாளையங்கோட்டையும் அதில் அடிபட்டது. நமக்கு வெட்கம்! 1965-ல் மொழிப்போரின்போது கலைஞர் அடைக்கப்பட்ட சிறையல்லவா அது! சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளை எரித்து, 1957 நவம்பர் 26-க்குப் பிறகு பெரியாரின் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்த மண்ணல்லவா இது! சாதியை ஒழிக்கச் சிறை சென்றார்கள் அவர்கள். சிறைக்குள் போய்ச் சாதி உட்கார்ந்து கொண்டதே!

கணக்கெடுப்புக்கும் சமூகநீதிக்கும் எண்ணிக்கை வேண்டும், அது வேறு. எந்தக் கொட்டடி, எந்த விளக்குமாறு என்று முடிவு செய்யச் சாதியைப் பார்ப்பது வேறு. தீர்ப்பு வந்துவிட்டது, தாளில் உள்ள கலத்தை மையால் அடித்துவிடலாம். திரையில் உள்ள கலத்தை யார் நீக்குவது? ஓர் ஊழியர் உட்கார்ந்து நீக்க வேண்டும். நீக்கிய பின் எந்தச் சிறையிலிருந்தாவது "அந்தக் கலத்தைக் காணோமே" என்று கூப்பிட்டால், "அது இனி இல்லை ஐயா, உச்சநீதிமன்ற உத்தரவு" என்று பணிவாகவும் உறுதியாகவும் அவர் சொல்ல வேண்டும். சமூகப் புரட்சி மேடையில் மட்டுமே நடக்கும் என்று எண்ணுவோர் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

நாம் கேட்பது என்ன?

"அப்படியானால் கணிப்பொறியே வேண்டாம், பழைய பேரேடே போதும்" என்கிறோமா? இல்லை. நாம் பகுத்தறிவுவாதிகள், இயந்திரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை, அதை வணங்குவதும் இல்லை. ஆண்டுக்கொரு நாள் கணிப்பொறிக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டிக் கற்பூரம் காட்டுகிறார்களே, அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொல்லியிருந்தால் ஒருவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்!

நாம் கேட்பவை எளியவை.

சிறைத்துறை உதவி மையம் இரவும் பகலும், ஞாயிறும் பண்டிகையும் இயங்க வேண்டும். சிறைக்கு விடுமுறை இல்லை, அதன் உதவிக்கும் விடுமுறை இருக்கலாகாது.

விடுதலை, ஜாமீன், தண்டனைக் கழிவு பற்றிய புகார் எதுவாயினும் வரிசையின் தலையில் நிற்க வேண்டும். குறித்த மணி நேரத்துக்குள் இயந்திரம் சரியாகாவிட்டால், நீதிமன்றத்தைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்து, கையால் எழுதிக் கதவைத் திறக்க வேண்டும். இயந்திரப் பழுது காவலை நீட்டிக்கும் காரணமாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு கைதிக்கும் அவருடைய தேதிகள், வழக்குப் பிரிவு, ஜாமீன் நிலை ஆகியவற்றை அவர் மொழியில் அச்சிட்டு மாதந்தோறும் கையில் கொடுக்க வேண்டும். பிழையை முதலில் காணக் கூடியவர் அவர்தான். அவரோ அவர் தாயோ மனைவியோ கூப்பிட்டுச் சொல்லவும் ஓர் எண் வேண்டும்.

அந்த மேசையில் அமர்வோர், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தக்காரர் தயவை நாடி நிற்கும் கூலிகளாக இருக்கக் கூடாது. இன்று வந்தவர் நாளை இல்லை என்றால், வாஷிங்டனில் பதினாறு முறை தள்ளிப்போன கதைதான் இங்கும் நடக்கும். நிலையான வேலை, நியாயமான ஊதியம், ஜாமீன் என்றால் என்ன, கழிவு என்றால் என்ன என்று கற்றுத்தரும் பயிற்சி, இவை மூன்றும் அவர்களுக்கு வேண்டும்.

சிறை மாநிலத்தின் பொருள் என்றால், சிறைத் திரையும் மாநிலத்தின் பொருளாக வேண்டும்.

"கைதிகளுக்கு இத்தனை கரிசனமா?" என்று சிலர் முகம் சுளிப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். 1962-ல் விலைவாசி உயர்வை எதிர்த்த அறிஞர் அண்ணாவும் வேலூர்ச் சிறையில் ஒரு கைதிதான். சிறைக் கம்பியைத் தொட்டுப் பார்த்த இயக்கம் நம்முடையது. உள்ளே இருப்பவருக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று நமக்கு ஏட்டில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

அரசன் ஓலை அனுப்பினான், ஓலை வராமல் உயிர் போயிற்று என்று பழங்கதைகளில் கேட்டிருக்கிறோம். இன்று ஓலை நொடியில் வருகிறது. வந்த ஓலையைப் பிரிக்கத்தான் ஆளில்லை. ஆளைப் போடுங்கள்! அவருக்குச் சோறு போடுங்கள்! அவர் மேசையில் தொலைபேசி மணி அடித்தால் எடுக்கச் செய்யுங்கள்! கடிதம் திறந்தால் கதவு திறக்கும்.